பதாகையைப் படியெடுத்தல்: அன்றும் இன்றும்

நம் மாணவர்கள் விரும்பி ஆடும் ‘மைன்கிராஃப்ட்’ கணினி விளையாட்டில் 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் பதாகைகள் இடம்பெற்றன. ஆறு கம்பளித் துண்டுகளும் ஒரு குச்சியும் இருந்தால் வெற்றுப் பதாகை ஆயத்தம். அதன்மேல் சாயத்தால் ஆறு வடிவங்கள் வரை இடலாம். 2019-இல் இதற்கெனத் தறியும் சேர்க்கப்பட்டது. வடிவமிட்ட பதாகையுடன் அதே நிற வெற்றுப் பதாகையைச் சேர்த்தால் நொடியில் படி உருவாகும்; மூலமும் அழியாது.

அவ்வடிவங்களுள் பல, இடைக்கால ஐரோப்பியரின் குலச்சின்னக் கலையைச் சார்ந்தவை. முகத்தைத் தலைக்கவசம் மறைத்த போர்க்களத்தில் சின்னமே ஒருவரின் பெயராக விளங்கியது. ஆகவே, அங்கே படி என்பது மானப் பிரச்சினை.

1385-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்தார். அப்படையில் ரிச்சர்டு ஸ்குரோப், ராபர்ட் குரோவ்னர் ஆகிய இருவரும் நீல நிலத்தில் பொன்னிறச் சாய்பட்டை என்னும் ஒரே சின்னத்தைத் தாங்கியிருந்தனர். சின்னம் யாருக்குரியது என வழக்கு மூண்டது. கவிஞர் சாசரும் 1386-இல் ஸ்குரோப்புக்காகச் சாட்சி கூறினார். 1390-இல் மன்னர் ஸ்குரோப்புக்கே உரிமையை உறுதிசெய்தார். குரோவ்னர் பொன்னிறக் கதிர்க்கட்டைச் சின்னமாக ஏற்றார்.

ஐந்தாண்டு வழக்காடிய அதே சாய்பட்டையை, இன்று ஒரு சிறுவன் நீலப் பதாகையில் மஞ்சள் சாயம் கொண்டு எளிதில் இடுகிறான். நண்பனுக்கும் படியெடுத்துக் கொடுக்கிறான். கொடுக்கட்டும். “இதனை முதலில் வரைந்தவர் யார்?” என்று கேட்கவும் அவனுக்குக் கற்பிப்போம்.