பென்சில், டேப், அப்புறம் மதர்போர்டு

பிராசசருக்குப் பூட்டுப் போட ஆரம்பித்தது திருட்டைத் தடுக்கத்தான். தொண்ணூறுகளில் போர்டில் ஒரு ஜம்பரை மாற்றிச் செருகினாலே வேகம் கூடிவிடும். பஸ் வேகத்தை மல்டிபிளையரால் பெருக்கினால் வருவதுதான் பிராசசரின் வேகம். இதை வைத்துச் சில கும்பல்கள் மெதுவான சிப்பின் மேல் இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, வேகமான மாடலின் பெயரை அச்சடித்து விற்றன. அதனால் இன்டெல் மல்டிபிளையரைப் பூட்டியது. அதில் நியாயம் இருந்தது. ஆனால் பஸ் திறந்தே கிடந்தது.

கீழ்பென்னாத்தூரில் கடை போடுவதற்கு முன்னால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தொழில் பழகினேன். அங்கே மூத்தவர்கள் செலரான் 300ஏ பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். 1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் வெளியிட்ட பிராசசர்களில் இரண்டைப் பாருங்கள். ஒன்று 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2, விலை 669 டாலர். இன்னொன்று இந்த செலரான், 149 டாலர். இதன் மல்டிபிளையர் 4.5-இல் பூட்டியிருந்தது, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 300 வரும். பஸ்ஸை 100 ஆக்கினால் 450.

கணக்கு சுலபம்தான், அது பலித்ததற்குக் காரணம் வேறு. செலரானின் 128 கேபி கேஷ் சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2-இல் 512 கேபி இருந்தும், சிப்புக்கு வெளியே பாதி வேகத்தில்தான் ஓடியது. அதோடு 440பிஎக்ஸ் சிப்செட்டுக்கு 100 என்பது முறையான வேகம். அதில் மூன்றில் ஒரு பங்காக பிசிஐ பஸ் 33-லேயே நிற்கும். நடுவில் 83 வைத்தால்தான் வம்பு. பிசிஐ 41-க்கு மேல் ஏறி, ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் கெட்டுப்போகலாம். கொஞ்சம் கூட்டினால் ஆபத்து, நிறையக் கூட்டினால் பத்திரம். இப்படியொரு கூத்து அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் வரவில்லை. பஸ்ஸை மாற்ற வழியில்லாத போர்டாக இருந்தால், பிராசசர் அட்டையின் விளிம்பில் பி21 என்ற பின்னை டேப் துண்டால் மறைப்பார்கள். போர்டு தானாகவே 100 என்று எடுத்துக்கொள்ளும்.

2000-இல் வந்த ஏஎம்டி டியூரானிலும் தண்டர்பேர்ட் அத்லானிலும் பூட்டு கண்ணுக்கே தெரிந்தது. மேற்பரப்பில் எல்1 என்று போட்ட இடத்தில் ஜோடி ஜோடியாகப் பொடிப் புள்ளிகள், நடுவே இணைப்பு அறுந்திருக்கும். பென்சிலை நன்றாகச் சீவி ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே கோடு இழுத்தால், கிராஃபைட் வழியாகக் கரண்ட் பாயும். பக்கத்து ஜோடியைக் கோடு தொட்டுவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். போர்டிலும் மல்டிபிளையரை மாற்ற வசதி இருக்க வேண்டும். அடுத்த வருஷமே அத்லான் எக்ஸ்பியில் லேசரால் குழி வெட்டி பென்சிலுக்கு வேலையில்லாமல் செய்துவிட்டார்கள்.

இதையெல்லாம் ஏசி அறையில் செய்து பார்த்து எழுதியவர்கள் எங்கள் ஊர்க் கத்திரி வெயிலைப் பார்த்ததில்லை. வேகத்தோடு வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கும். வோல்டேஜ் கூடினால் சூடு அதன் வர்க்கமாக ஏறும். அக்னித் தலத்துக்குப் பக்கத்தில் கடை வைத்துக்கொண்டு சூட்டைப் பற்றிப் புகார் சொல்வது முறையில்லைதான். மும்முனை கரண்ட் வந்ததும் சுற்றுவட்டாரக் கழனிகளில் பம்புசெட்டு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், லைனில் வோல்டேஜ் இறங்கும். மட்டமான எஸ்எம்பிஎஸ் போட்ட மெஷின் அப்போது தானாக ரீஸ்டார்ட் ஆகும். அதனால் ஓவர்கிளாக் பண்ணிய மெஷினை பில் போட்டு விற்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜோடு பஸ் வழியும் அடைபட்டது. கிளாக் ஜெனரேட்டரைச் சிப்செட்டுக்குள் வைத்து, யுஎஸ்பி, சாட்டா என்று எல்லாவற்றையும் அதே 100 மெகாஹெர்ட்ஸில் கட்டிவிட்டார்கள். சில மெகாஹெர்ட்ஸ் கூட்டினாலே ஏதாவது ஒன்று படுத்துவிடும். பூட்டில்லாத ஐ5-2500கே, பூட்டிய 2500-ஐவிட 11 டாலர்தான் அதிகம். ஆனால் அந்த ‘கே’-யைப் பயன்படுத்த பி67 போர்டு வேண்டும். எங்கள் பக்கம் போனதெல்லாம் எச்61. ஆக, பூட்டு இருந்தது பிராசசரில், சாவி விற்றது போர்டில். ஆரம்பத்தில் சொன்ன திருட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

2015 கடைசியில் ஒரு சந்து திறந்தது. ஸ்கைலேக்கில் அந்தக் கிளாக் மறுபடி தனியாகப் பிரிந்ததால், போர்டு கம்பெனிகள் சில புது பயாஸ் விட்டன, 3.7 கிகாஹெர்ட்ஸ் ஐ3-6100 நாலரைக்கு மேல் ஓடியது. அடுத்த பிப்ரவரிக்குள் இன்டெல் கண்டித்து, அந்த பயாஸ்களில் வசதியை எடுக்க வைத்தது. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் ரோமன் ஹார்டுங் பூட்டிய ஐ5-12400-ஐ 5.2 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டினார். தனியாகக் கிளாக் ஜெனரேட்டர் வைத்த போர்டில்தான் அது நடக்கும். அப்போது அந்த போர்டின் விலை பிராசசரின் விலையையே தாண்டியிருந்தது.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதே மாதிரி பண்ணித் தாங்க” என்று ஒரு பையன் வந்தான். கூடவே மல்லாட்டை விற்ற பணத்தோடு அவன் அப்பா. சாதாரண பி660 போர்டைப் போட்டு, மிச்சப் பணத்துக்கு இரண்டாவது ரேமும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் வைத்துக் கொடுத்தேன். கேமில் அதுதான் கூடுதலாகக் கைகொடுக்கும். பையன் ஒப்புக்கொண்டுவிட்டான்; வெறும் தகர டப்பா மாதிரி இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எதற்கு இவ்வளவு விலை என்று அவன் அப்பாவுக்கு விளக்கத்தான் நேரம் பிடித்தது.