சொந்த மண்ணின் பயிற்றுநர்

லிங்கி, சிலியாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் காற்பந்து பார்க்கும் இளைஞர் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஐரோப்பாவில் ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநராக உயர்ந்தவர்களின் பெயரை மூச்சு விடாமல் சொல்வார். எந்த ஆண்டு எந்தக் கிண்ணம் என்ற கணக்கும் விரல் நுனியில் இருக்கும். அதே பாதையில் நடந்து, நாட்டுக்கே ஒரு நாள் பொது விடுமுறை வாங்கித் தந்த தமிழர் ஒருவர் உண்டே, அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் பேச்சு சற்றுத் தடுமாறும்.

அவர் டத்தோ கே. ராஜகோபால். 1956-ஆம் ஆண்டு செத்தாப்பாக்கில் பிறந்தவர். சிலாங்கூருக்கும் தேசிய அணிக்கும் ஆடியவர். காலணியைக் கழற்றிய பிறகு பயிற்சித் துறைக்கு வந்து, இளையோர் அணிகளோடு நீண்ட காலம் பாடுபட்டார். இளையோர் அணிப் பயிற்றுநரை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. பத்திரிகையில் படம் வராது, ரசிகர் கூட்டமும் வராது. ஆனால் எந்தப் பையனுக்கு எது வரும், எது வராது என்பது அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும்.

அவர் தேசிய அணியின் பொறுப்பை ஏற்ற 2009-ஆம் ஆண்டில், நாட்டின் காற்பந்து தலைநிமிர முடியாத நிலையில் கிடந்தது. 2007-இல் ஆசியக் கிண்ணப் போட்டி நம் மண்ணிலேயே நடந்தது. சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. அதற்குப் பின் பொறுப்பேற்ற பி. சத்தியநாதனும் தமிழர்தான். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்றதும் அவர் விலக்கப்பட்டார். ஒருவர் போன நாற்காலியில் இன்னொருவர் உட்காருகிறார், இவர் எத்தனை மாதமோ என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அந்த ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட் கோலாலம்பூர் வந்தது. முதல் ஆட்டத்தில் அம்ரி யஹ்யா இரண்டு கோல் போட, மலேசியா 2-3 என்று போராடித் தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் 0-2. எதிர்த் தரப்பில் நின்றவர் சர் அலெக்ஸ் பெர்குசன். அவரும் ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநர் ஆனவர்தான். 1986-இல் அவர் மான்செஸ்டர் வந்தபோது முதல் கிண்ணத்துக்கு 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மூன்றரை ஆண்டும் நிர்வாகம் பொறுத்தது. அதற்குப் பிறகு நடந்ததை உலகம் அறியும். அந்தப் பொறுமை நம் நாட்டில் எந்த உள்ளூர்ப் பயிற்றுநருக்காவது கிடைத்திருக்கிறதா?

ராஜகோபாலிடம் காத்திருக்கச் சொல்லவும் நேரமில்லை. டிசம்பரில் லாவோஸில் சீ விளையாட்டுப் போட்டி. தாய்லாந்து 1993 முதல் 2007 வரை தொடர்ந்து எட்டு முறை தங்கம் வென்றிருந்த களம் அது. மலேசியாவின் கடைசித் தங்கமோ 1989-இல் வந்தது. குழு ஆட்டத்தில் வியட்நாமிடம் 1-3 என்று அடி வாங்கியது நம் அணி. ஆனாலும் தாய்லாந்தை 2-1 என்று வீழ்த்தி, அந்த ஜாம்பவானை முதல் சுற்றோடு வீட்டுக்கு அனுப்பினார்கள் நம் பையன்கள். இறுதியாட்டத்தில் மீண்டும் அதே வியட்நாம். கடைசி நிமிடங்களில் வியட்நாம் ஆட்டக்காரர் ஒருவர் தம் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ள, 1-0. இருபதாண்டுக் காத்திருப்பு முடிந்தது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும். முதலில் 1-3 என்று தோற்ற அணியிடம் அடுத்த முறை ஒரு கோல்கூட விடாமல் ஆடியது அதிர்ஷ்டத்தால் வராது.

அடுத்த ஆண்டு சுசூகி கிண்ணம். சீ விளையாட்டில் ஆடிய இளைஞர்களையே பெரியவர்களின் போட்டிக்கும் துணிந்து அழைத்துப் போனார் ராஜகோபால். 2010 டிசம்பர் 1-ஆம் தேதி, ஜாகர்த்தாவில் முதல் ஆட்டம். இந்தோனேசியா 5, மலேசியா 1. மறுநாள் வந்த விமர்சனங்களை விவரிக்கத் தேவையில்லை, நம் சாப்பாட்டுக்கடைப் பேச்சு எப்படி இருக்கும் என்று வாசகர்களுக்கே தெரியும். பாதி அணியைக் கலைத்துப் போட்டு ஆளைக் காப்பாற்றிக்கொள்ளும் பயிற்றுநர்கள் உண்டு. இவர் அந்தப் பையன்களைக் கைவிடவில்லை. தாய்லாந்தோடு 0-0. லாவோஸை 5-1. அரையிறுதியில் வியட்நாமை புக்கிட் ஜாலிலில் 2-0 என்று வென்று, ஹனோயில் 0-0 என்று கதவை அடைத்துவிட்டு வந்தார்கள்.

இறுதியாட்டத்தில் எதிரே நின்றது, அந்த ஐந்து கோல் போட்ட இந்தோனேசியாவேதான்.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். அரங்கம் நிரம்பி வழிந்தது. பிற்பாதியில் ரசிகர் கூட்டத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சப்பட்டதாக இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் முறையிட, ஆட்டம் சில நிமிடம் நின்றது. அது நம் ரசிகர்களுக்குப் பெருமை தரும் செய்தியல்ல. ஆட்டம் மறுபடி தொடங்கியதும் சாபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. கால் மணி நேரத்துக்குள் மூன்று கோல்கள். மூன்று நாள் கழித்து ஜாகர்த்தாவில் இரண்டாவது ஆட்டம். தொடக்கத்திலேயே இந்தோனேசியாவுக்குப் பினால்டி. பிர்மான் உத்தினா உதைத்த பந்தைக் கோல் காவலர் கைருல் பாஹ்மி தடுத்தார். பிற்பாதியில் சாபி ஒரு கோல் போட்டதும் அந்தப் பெரிய அரங்கம் அடங்கிப் போனது. 1-2 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2. இருபத்தெட்டு நாளுக்கு முன் ஐந்து கோல் வாங்கிய அதே ஊரில், முதன்முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது மலேசியா. டிசம்பர் 31 பொது விடுமுறை என்று பிரதமர் அறிவித்தார். ரசிகர்கள் அவரை ‘கிங் ராஜா’ என்றார்கள்.

அந்த அணியில் எஸ். குணாளனும் இருந்தார். நெகிரி செம்பிலான் சட்டை அணிந்து ஓடிய வேகக்காரர். இந்த வட்டாரத்துக்கு அது இன்னும் நெருக்கமான செய்தி. இதற்கு ஒரு தலைமுறைக்கு முன், லிங்கிக்கு அருகிலுள்ள போர்ட்டிக்சனில் பிறந்த ஆர். ஆறுமுகம், ‘ஸ்பைடர்மேன்’ என்று ஆசியாவே அறிந்த கோல் காவலராக இருந்தார். 1974-இல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியிலும், 1980-இல் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியிலும் இருந்தவர். அந்த ஒலிம்பிக்கை நாடு புறக்கணித்ததால் அவர் போகவில்லை. 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். பயிற்றுநராக அவர் என்ன செய்திருப்பார் என்பதைக் காணும் வாய்ப்பு நமக்கு இல்லாமல் போயிற்று.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்தால் பந்து உருளும். பக்கத்துத் தோட்டத்தோடு மோதினால் லயமே திரண்டு வரும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு நகர்ந்தார்கள். திடல் கூடவே வரவில்லை. தேசிய அணியில் நம்மவர் பெயர் குறைந்ததற்குத் திறமையைக் குறை சொல்பவர்கள், அந்தத் திடல்களின் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நியாயம்.

வெற்றிக்குப் பிறகான காலம் ராஜகோபாலுக்கு அத்தனை இனிமையாக இல்லை. 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 3-5 என்று தோற்று, திரும்ப ஆடியபோது 1-1 என்று சமன் கண்டு வெளியேறியது அணி. 2012 சுசூகி கிண்ணத்தில் சொந்த அரங்கில் சிங்கப்பூரிடம் 0-3, அரையிறுதியில் தாய்லாந்திடம் தோல்வி. 2013 இறுதியோடு அவருடைய காலம் முடிந்தது. அதே 2013-இல்தான் பெர்குசனும் ஓய்வு பெற்றார், இருபத்தாறு ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்துவிட்டு.

விலக்கப்பட்ட சத்தியநாதன் சும்மா இருக்கவில்லை. 2010 அக்டோபரில் கிளந்தான் அணிக்கு மலேசியக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். இறுதியில் தோற்றது, 1-2 என்று, நம் நெகிரி செம்பிலான்! அந்த ஒரே ஆண்டில் நாட்டின் பெரிய கிண்ணமும் வட்டாரத்தின் பெரிய கிண்ணமும் இரண்டு தமிழ்ப் பயிற்றுநர்களின் கைக்கு வந்தன. சத்தியநாதன் 2023-இல் காலமானார்.

ராஜகோபாலுக்குப் பின் டோல்லா சாலே 2014-இல் அணியை மீண்டும் இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனார். தாய்லாந்திடம் மொத்தக் கணக்கில் 3-4. 2018-இல் மீண்டும் ஓர் இறுதியாட்டம், வியட்நாமிடம் தோல்வி. இடையில் போர்த்துகலிலிருந்தும் பிறகு கொரியாவிலிருந்தும் பயிற்றுநர்கள் வந்து போனார்கள். 2024-ஆம் ஆண்டுப் போட்டி முடிந்த பிறகும், அந்தக் கிண்ணத்தின் பட்டியலில் மலேசியாவின் பெயருக்கு எதிரே இருப்பது 2010 என்ற ஒரே ஆண்டுதான்.