சர்க்கரைக் காசில் அமெரிக்கா போன நாட்டியக்காரிகள்

பிஸ்கட் டப்பா, காலண்டர், நோட்டுப் புத்தக அட்டை என்று ஏதாவது ஒன்றில் பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகாவின் பாலே பெண்களைப் பார்த்திருப்பீர்கள். மேடையில் ஆடுகிறவர்களைவிட, மேடைக்குப் பின்னால் கொட்டாவி விடுகிறவர்களும் முதுகைச் சொறிகிறவர்களும்தான் அவர் படங்களில் அதிகம். அந்தப் படங்களில் ஒன்று, 1877இல் வரைந்தது, எப்படி ஊர் மாறியது என்பது சுவையான கதை.

சுவரோரக் கட்டையைப் பிடித்தபடி, காலைத் தூக்கிப் பயிற்சி செய்யும் இரண்டு பெண்கள். இருவரையும் வலப்பக்கமாக ஒதுக்கிவிட்டு, மீதி இடத்தை வெறும் பலகைத் தரைக்குக் கொடுத்திருக்கிறார் டெகா. இடது ஓரத்தில் ஒரு பூவாளி. ஆடும்போது புழுதி கிளம்பாமல் தரையில் தண்ணீர் தெளிக்க அதை வைத்திருப்பார்கள். வலப்பக்கப் பெண்ணை உற்றுப் பாருங்கள்: அவள் கை பூவாளியின் பிடி, தூக்கிய கால் அதன் மூக்கு. வேண்டுமென்றே செய்த குறும்பு.

பாலே இத்தாலிய அரண்மனைகளில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் ராணி கேத்தரின் டி மெடிசி காலத்தில் பிரான்சில் செழித்தது. 1661இல் பதினான்காம் லூயி அதற்கு ஒரு கழகமே அமைத்தார். ராஜாவே ஆடிய அந்த ஆட்டம், டெகாவின் காலத்தில் ஏழை வீட்டுச் சிறுமிகளின் பிழைப்பாகியிருந்தது. பாரிஸ் ஆபராவில் பயிலும் சின்னப் பெண்களுக்கு ‘எலிகள்’ என்று பட்டப்பெயர். ஆண்டுச் சந்தா கட்டிய கனவான்கள் மேடைக்குப் பின்னால் போய் அவர்களோடு பேசலாம். எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் டெகாவுக்கு அந்த அனுமதி கிடையாது. பெண்களைத் தன் கூடத்துக்கு வரவழைத்துக் கோட்டோவியம் போட்டுக்கொள்வார். அறையைக் கற்பனையில் கட்டுவார். பழைய ஆபரா மாளிகை 1873 அக்டோபரில் எரிந்து சாம்பலானது. அதற்குப் பிறகும் அதன் பயிற்சிக் கூடங்களை வரைந்துகொண்டேயிருந்தார். ஆட்களை ஓரத்துக்குத் தள்ளி நடுவே காலி இடம் விடும் துணிச்சலில் ஜப்பானுக்கும் பங்கு உண்டு. 1850களில் ஜப்பான் துறைமுகங்களைத் திறந்ததும் மரக்கட்டை அச்சுப் படங்கள் பாரிஸ் கடைகளில் குவிந்தன. டெகாவும் வாங்கிச் சேர்த்தார்.

இத்தனை நாட்டியக்காரிகளை ஏன் வரைந்தார்? கலைத் தாகம் ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம். 1874இல் வங்கி நடத்திய அப்பா இறந்தபோதுதான் குடும்பத்தின் கடன் வெளியே வந்தது. தம்பி ரெனே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் செய்த வியாபாரக் கடனும் சேர்ந்துகொண்டது. விற்றே ஆக வேண்டிய நிலை. பாலே படங்கள் விலைபோயின.

நம் படம் விற்பனைக்குப் போகாமல் தப்பியது. பள்ளித் தோழர் ஆன்ரி ருவார் ஒரு பொறியாளர், பெரிய ஓவியச் சேகரிப்பாளர். அவரிடமிருந்த பழைய படம் ஒன்றைக் கொஞ்சம் திருத்தித் தருகிறேன் என்று டெகா வாங்கிப் போய்ப் பாழாக்கிவிட்டு, ஈடாக இதைக் கொடுத்தாராம். பிறகு இதிலும் கை வைக்கத் துடித்தார்: பூவாளி அபத்தமாக இருக்கிறது, அழித்துவிடுகிறேன் என்று. ருவார் அசையவில்லை. டெகா தூக்கிப் போய்விடாமலிருக்கப் படத்தைச் சங்கிலியால் சுவரோடு பிணைத்தார் என்றுகூடச் சொல்வார்கள்.

ருவார் 1912இல் இறந்தார். டிசம்பரில் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. நாட்டியக்காரிகள் 4,35,000 பிராங்குக்குப் போனார்கள். கட்டணம் சேர்த்து 4,78,500. உயிரோடிருக்கும் ஓவியர் எவரின் படத்துக்கும் ஏலத்தில் அதுவரை கிடைக்காத விலை. கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட 78 வயது டெகாவுக்கு அதில் ஒரு காசு வரவில்லை. பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்கு இன்னொரு மூட்டைத் தீவனம்தானே மிச்சம் என்ற பொருளில் ஏதோ சொன்னாராம்.

வியாபாரி துரான்-ருயல் ஏலம் எடுத்தது அமெரிக்காவின் லூயிசின் ஹாவ்மேயருக்காக. கணவர் சர்க்கரை ஆலைகளின் சக்கரவர்த்தி. அவர் விட்டுச்சென்ற செல்வம் கையிலிருந்தது. 1877 வாக்கில், கல்யாணத்துக்கு முன்பே, ஓவியர் மேரி கசாட்டின் பேச்சைக் கேட்டுத் சகோதரிகளிடமும் கடன் வாங்கி 500 பிராங்குக்கு முதல் டெகாவை வாங்கியவர் இவர். பிடித்ததா இல்லையா என்றே அப்போது தெரியவில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1915இல் தன் டெகா படங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்துப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்குப் பணம் திரட்டினார். 1919இல் அதே போராட்டத்தில் சிறைக்கும் போனார். 1929இல் அவர் இறந்தபோது படம் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பாரிஸில் இன்னொரு கிளைக்கதை. டெகாவின் வழியில் நடந்து, ஆபராவின் பின்புறத்தையும் அங்கே திரியும் கனவான்களையும் வரைந்த ஃபொரான் ஒரு கேலிச்சித்திரம் போட்டார்: ஏலக் கூடத்தில் படம் லட்சக்கணக்கில் விலைபோகிறது, கந்தல் உடையில் நிற்கும் பிள்ளைகள் அது அப்பா வரைந்தது என்று அடையாளம் காண்கிறார்கள். 1920இல், டெகா இறந்து மூன்று ஆண்டு கழித்து, மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டத்தைப் பிரான்ஸ் கொண்டுவந்தது. படம் தொங்கும் அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டத்தில் இந்த உரிமை இன்றும் இல்லை. இந்தியாவில் உண்டு: பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் சேர்த்த 53ஏ பிரிவின்படி, ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்றால் வரைந்தவரோ வாரிசோ 10 சதவீதம் வரை பங்கு கேட்கலாம். தூரிகை பிடிக்கும் நண்பர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படித்து வையுங்கள்.