பந்தியும் பாடமும்: தமிழ் மாணவர் விடுதிகளின் வரலாறு

தமிழர் வாழும் பகுதிகளில் உயர்கல்வி பரவிய வரலாற்றைக் கல்லூரிகள் தொடங்கப்பெற்ற ஆண்டுகளைக் கொண்டே எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும், ஊரைவிட்டு வந்த மாணவன் எங்கே படுத்தான், யார் சமைத்ததை உண்டான், எவரோடு ஒரே பந்தியில் அமர்ந்தான் என்னும் வினாக்களுக்கு விடை தேடாமல், எவர் படித்துப் பட்டம் பெற்றார், எவர் பாதியில் ஊர் திரும்பினார் என்பதை விளக்க இயலாது. கல்லூரியின் வாயிலில் சாதி கேட்கப்படாத காலத்திலும் சமையலறையின் வாயிலில் அது கேட்கப்பட்டது.

விடுதி என்னும் அமைப்பு வருவதற்கு முன்னரும் மாணவர்கள் வெளியூர் சென்று படித்தனர். வேத பாடசாலைகளிலும் பின்னர் நகரப் பள்ளிகளிலும் பயின்ற ஏழைப் பிராமணச் சிறுவர்கள், வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் உண்ணும் ‘வாரச் சாப்பாடு’ முறையைச் சார்ந்திருந்தனர். உ.வே. சாமிநாதையர் 1871-இல் தம் பதினேழாம் வயதில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்க மாயூரம் வந்தபோது, ஆசிரியர் எவ்வளவு அன்பு காட்டினாலும் அவர் வேளாளர், மாணவர் பிராமணர் என்பதால், உணவுக்கு வேறிடத்தில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. சாதி ஆதரவோ உறவினர் வீடோ இல்லாதவனுக்கு வெளியூர்க் கல்வி எட்டாததாகவே இருந்தது.

இந்த நிலைமையை மாற்ற முனைந்த தொடக்ககால முயற்சிகளுள் தலையாயது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் அங்கே ஓர் உறைவிடக் கல்லூரியைத் தொடங்கினர். செமினரி எனப்பட்ட அதன் முதல் தலைவர் டேனியல் பூவர். மாணவருக்கு உணவும் உடையும் உறைவிடமும் இலவசமாகக் கிடைத்தன. செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர் விரும்பும் பெயரைச் சிறுவனுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்ததால், சேர்ந்த சில காலத்திலேயே அவன் வீட்டுப் பெயரோடு வேற்று நாட்டாரின் பெயர் ஒன்றையும் சுமக்கலானான். பெயர் மாற்றத்தை ஏற்ற குடும்பங்கள் சோற்றை அவ்வாறு ஏற்கவில்லை. கிறிஸ்தவர் வளாகத்தில் சமைத்ததை உண்டால் சாதி கெடும் என்று வேளாளப் பிள்ளைகள் மறுத்தமையால், மிஷன் எல்லைக்கு வெளியே, சைவர் ஒருவரது நிலத்தில், சைவச் சமையற்காரரைக் கொண்டு தனியே அடுக்களை அமைக்கப்பட்டது.

தண்ணீரைப் பற்றி மிஷன் நூல்களில் காணப்படும் செய்தி இன்னும் நுட்பமானது. வளாகத்துக் கிணற்று நீரைக் குடிக்கத் தயங்கிய சிறுவர்கள், இருந்த நீர் முழுவதையும் இறைத்துவிட்டால் கிணறு தூய்மையாகும் எனத் துணிந்து இறைக்கத் தொடங்கினர். ஊற்று வற்றவில்லை. தொடங்கியபோது கிணற்றில் இருந்த அளவு நீரை இறைத்தாயிற்று, ஆகவே இனி அது தூயதே என்று அவர்களே முடிவு செய்து குடிக்கலாயினர். ஆசாரத்தைக் கைவிடாமலும் படிப்பைக் கைவிடாமலும் வாழ வழி தேடிய அச்சிறுவர்களின் அறிவுக்கூர்மை மதிக்கத்தக்கது. ஆனால் அந்தக் கணக்கில் கிணற்றருகே வரவே இயலாதிருந்த சாதியாருக்கு இடமில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று.

பாடங்கள் இதைவிட விரைவாகப் பிடிபட்டன. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், தத்துவம் ஆகியவை கற்பிக்கப்பட்டன. 1829 மார்ச்சில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் கணிப்பும் பூவரின் கணிப்பும் மாறுபட்டபோது, எது சரி என்று மாணவர் வானை நோக்கித் தாமே கண்டறியும் நிலை ஏற்பட்டது. இங்கே பயின்ற சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆயினர். விசுவநாத பிள்ளை தமிழில் பீஜகணிதம் எழுதினார். தாமோதரம் பிள்ளை கலித்தொகை முதலிய பழைய நூல்களைப் பதிப்பித்தார். செமினரி 1855-இல் மூடப்பட்டது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றிய பின், மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் பிறகு ஈராண்டு எஃப்.ஏ. என்னும் இடைநிலைப் படிப்பும் அதன்பின் பி.ஏ.வும் எனப் படிகள் அமைந்தன; ஆங்கிலத்தில் நடந்த இப்பாடங்களைத் தொடரக் கிராமத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் வந்தனர். மிஷன் கல்லூரிகளும் அரசும் விடுதிகள் கட்டின. ஆயினும் பல விடுதிகளில் பிராமணருக்கும் பிராமணரல்லாதாருக்கும் வெவ்வேறு சமையலறைகளும் உண்ணுமிடங்களும் இருந்தன. பிராமணரல்லாத மாணவர் நகரத்தில் இடம் கிடைக்காமல் அலைந்ததைக் கண்ட திருவல்லிக்கேணி மருத்துவர் சி. நடேச முதலியார், 1916-ஐ ஒட்டித் ‘திராவிடர் இல்லம்’ என்னும் விடுதியை நிறுவினார். பணமின்மையால் அது நெடுநாள் நிலைக்கவில்லை எனினும், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர். பிராமணரல்லாதாரின் அரசியல் அமைப்பான நீதிக்கட்சியின் வரலாற்றை மேடைப் பேச்சுகளிலிருந்து தொடங்குவோர், இந்தச் சோற்றுக் கூடத்துக்கு உரிய இடத்தைத் தருவதில்லை.

பெண்களுக்கு இத்தடை இரட்டிப்பாக இருந்தது. இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்காகச் சென்னையில் இல்லம் தொடங்கினார். பின்னர் அது கடற்கரையில் ‘ஐஸ் ஹவுஸ்’ என்ற கட்டடத்தில் இயங்கியது. அதற்கு அருகே 1914-இல் தோன்றிய பெண்கள் கல்லூரியே இன்றைய இராணி மேரி கல்லூரி. குடும்பங்களின் அச்சத்தைப் போக்க இல்லத்தில் ஆசார உணவு முறை பேணப்பட்டது. அந்த விட்டுக்கொடுப்பு இல்லையேல் பல பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டியிருக்கமாட்டார்கள்.

விடுதிப் பந்தி அரசியல் புயலாக மாறிய இடம் சேரன்மாதேவி. தாமிரபரணிக் கரையில் வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலம், தேசியக் கல்வியின் முன்மாதிரியாகக் கருதப்பட்டு, தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் நிதியுதவியும் பெற்றது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்ட செய்தி வெளியானதும், பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் இது தகுமா என்று பெரியார் ஈ.வெ. ராமசாமியும் பி. வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தனர். காந்தியடிகளின் சமரசமும் பயன்படவில்லை. 1925 ஏப்ரலில் பிறப்பால் உயர்வு தாழ்வு கருதுவதைக் கண்டிக்கும் தீர்மானத்தைக் கமிட்டி நிறைவேற்றியது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகி, அவ்வாண்டு ஜூனில் பாபநாசத்து அருவியில் மகளைக் காக்க முயன்று உயிர்நீத்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமையால் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். இரண்டு சிறுவர்களின் இலைகள் தமிழக அரசியலின் திசையை மாற்றுவதில் பெரும் பங்கு கொண்டன என்பது மிகைக்கூற்றன்று.

இந்தப் பூசல்கள் எவற்றிலும் பேசப்படாதிருந்த ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கென 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்வி நிலையம் தொடங்கினார். 1920களில் மாகாணத் தொழிலாளர் துறையும் அவர்களுக்கான கல்விப் பணியில் இறங்கியது. அவ்வழியில் வளர்ந்த அரசு விடுதிகள் அனைத்தும் இனிச் ‘சமூகநீதி விடுதிகள்’ என அழைக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. இந்த வரலாற்றுக்குச் சான்றான சேர்க்கைப் புத்தகம், சாப்பாட்டுக் கணக்கு, சமையற்காரர் நியமனக் கடிதம் ஆகியவை பழைய விடுதி அலமாரிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கழித்துக் கட்டுமுன் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டியது ஒவ்வொரு கல்லூரியின் கடமை.