எதிரியின் மொழி - ஒரு விமானக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தின் கதை

இந்த முறை வரலாறு.

போர் என்றதும் நம் நினைவுக்கு வருவது துப்பாக்கி, பீரங்கி, போர்விமானம். அகராதி யாருக்காவது நினைவுக்கு வருமா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரிப் படைவீரன் ஒருவன் உயிரோடு பிடிபடுகிறான். அவன் சட்டைப்பையில் ஒரு வரைபடம், ஒரு டைரி. நாளைக்கு எங்கே தாக்கப் போகிறார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் உங்கள் படையில் அதைப் படிக்க ஒரு ஆள்கூட இல்லை. எத்தனை பீரங்கி இருந்து என்ன பயன்?

1941-ல் அமெரிக்க ராணுவத்தின் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். ஜப்பானோடு போர் வரும் என்று பலருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்த அதிகாரிகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அவர்களில் இருவர் ஜான் வெக்கர்லிங், காய் ராஸ்முசன். ராஸ்முசன் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். இருவருமே முன்பு டோக்கியோவுக்கு அனுப்பப்பட்டு ஜப்பானிய மொழி படித்தவர்கள். அது எவ்வளவு கஷ்டமான மொழி என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு வகை அசை எழுத்துகள், அவற்றுக்கு மேல் ஆயிரக்கணக்கான சீன எழுத்துகள். அடிப்படையிலிருந்து ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் போரே முடிந்துவிடலாம்!

எனவே ஏற்கெனவே மொழி தெரிந்தவர்களைத் தேடினார்கள். அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியர்களை இஸ்ஸே, அதாவது முதல் தலைமுறை என்பார்கள். அவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் இடம் தரவில்லை (1952 வரை இதே நிலைதான்). அவர்களுக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் நிஸே. பிறப்பால் இவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். நிஸேக்களில் சிலரைச் சிறுவயதில் படிப்புக்காக ஜப்பானுக்கு அனுப்பியிருந்தார்கள். படித்துவிட்டுத் திரும்பிய இவர்களுக்குக் கிபே என்று பெயர்.

ராணுவத்தில் இருந்த 3,700 நிஸேக்களைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. நன்றாக மொழி தெரிந்தவர்கள் வெறும் 3 சதவீதம். ஓரளவு தேறியவர்கள் இன்னொரு 4 சதவீதம். நீண்ட பயிற்சி கொடுத்தால் பயன்படக்கூடியவர்கள் மேலும் 3 சதவீதம். மீதி 90 சதவீதம் பேர் ராணுவத்தின் தேவைக்கு உதவ மாட்டார்கள்!

இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. கலிபோர்னியாவில் பல ஆண்டுகளாகவே ஜப்பானியக் குடும்பங்கள் மீது ஒரு குற்றச்சாட்டு இருந்தது. "இவர்கள் பிள்ளைகளை மாலை நேர ஜப்பானியப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், இவர்கள் மனதளவில் ஜப்பானியர்களே, அமெரிக்கர்களாக மாறவே மாட்டார்கள்" என்பதே அது. ஆனால் ராணுவமே எடுத்த கணக்கு என்ன சொன்னது? பிள்ளைகள் தாய்தந்தையின் மொழியை மறக்கும் அளவுக்கு அமெரிக்கர்களாக மாறிவிட்டார்கள் என்று சொன்னது. சந்தேகத்தைத் தீர்க்கும் ஆதாரம் கையிலேயே இருந்தது. அதை அந்த நோக்கத்தில் யாரும் படிக்கவில்லை.

சரி, பள்ளிக்கு வருவோம். 1941 நவம்பர் 1-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோ ராணுவ முகாமில், கைவிடப்பட்ட ஒரு விமானக் கொட்டகையில் வகுப்பு தொடங்கியது. கட்டட எண் 640. ஒதுக்கிய பணம் 2,000 டாலர். ஆசிரியர்கள் நான்கு பேர். மாணவர்கள் 60 பேர், அவர்களில் 58 பேர் நிஸேக்கள். நாற்காலி போதாமல் ஆரஞ்சுப் பழப் பெட்டிகளில் உட்கார்ந்து படித்தார்கள் என்று சொல்வார்கள்.

தலைமை ஆசிரியர் ஜான் ஐசோ. ஹார்வர்டில் சட்டம் படித்த வழக்கறிஞர். ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டபோது இவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? வண்டிப் பட்டறையில் பழுது பார்ப்பது! ஹார்வர்டு பட்டதாரி, ஜப்பானிய மொழியில் கரைகண்டவர், கையில் ஸ்பேனரோடு லாரிக்கு அடியில் கிடந்திருக்கிறார். அங்கிருந்துதான் அவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள்.

பள்ளி தொடங்கி ஐந்தே வாரம். டிசம்பர் 7-ம் தேதி பெர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசியது. 1942 பிப்ரவரி 19-ல் அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். இந்த வெளியேற்றத்தை நடத்திய ஜெனரல் டிவிட்டின் தலைமையகம் எங்கே இருந்தது? அதே பிரெசிடியோவில்தான். முகாமின் ஒரு பக்கத்தில் நிஸே மாணவர்கள் ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கத்திலிருந்து அவர்களின் அப்பா அம்மாவை வீட்டைவிட்டு வெளியேற்றும் உத்தரவுகள் போய்க்கொண்டிருந்தன.

ஜப்பானிய வம்சாவளியினருக்கு அங்கே இடமில்லை என்றான பிறகு பள்ளியும் அங்கே இருக்க முடியவில்லை. 1942 கோடையில் அது மினசோட்டா மாநிலத்தில் உள்ள கேம்ப் சாவேஜ் என்ற இடத்துக்கும், 1944-ல் அருகிலுள்ள ஃபோர்ட் ஸ்னெல்லிங்குக்கும் மாறியது. புதிய மாணவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ராணுவ அதிகாரிகள் முள்வேலி முகாம்களுக்கே போய் ஆள் எடுத்தார்கள். அடைத்து வைத்த கையோடு "எங்களுக்கு உங்கள் உதவி தேவை" என்று கேட்டார்கள். பலர் முன்வந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

படிப்பு சுமார் ஆறு மாதம். வாசிப்பு, மொழிபெயர்ப்பு, கைதியை விசாரிக்கும் முறை, ஜப்பானிய ராணுவச் சொற்கள் எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன. எல்லாவற்றிலும் கடினமானது சோஷோ என்னும் சுழித்து எழுதும் கையெழுத்து. நம் ஊர் டாக்டர் சீட்டு மாதிரி, பழகியவர்களுக்கு மட்டுமே புரியும். ராத்திரி விளக்கணைத்த பிறகு கழிப்பறை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் உண்டு. போர் முடிவதற்குள்ளும் அதையொட்டியும் சுமார் 6,000 பேர் இந்தப் பள்ளியில் தேறினார்கள்.

களத்தில் இவர்கள் என்ன செய்தார்கள்? ஜப்பானிய வீரர்களுக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. தங்கள் மொழியை வெள்ளைக்காரர்களால் படிக்க முடியாது என்ற நம்பிக்கையில் காகிதங்களைப் பத்திரப்படுத்துவதில் அக்கறை காட்டவில்லை. பிடிபட்டால் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்றும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, ஏனென்றால் பிடிபடவே கூடாது என்பதுதான் அவர்களுக்கான பாடம். அதனால் ஒரு சிகரெட்டும் சொந்த மொழியில் நாலு வார்த்தையும் போதும், கைதிகள் மனம் திறந்து பேசினார்கள்.

பர்மாவில் சண்டையிட்ட மெரில் படைப்பிரிவில் 14 நிஸே மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். இந்தப் படை பம்பாயில் வந்து இறங்கி நம் நாட்டில் பயிற்சி பெற்றது. அதிலிருந்த ராய் மட்சுமோட்டோ முள்வேலி முகாமிலிருந்து வந்தவர். அவருடைய பெற்றோரோ ஹிரோஷிமாவில்! 1944-ல் இன்பும் கா என்ற இடத்தில் படை முற்றுகையில் சிக்கியபோது, இரவில் எதிரி வரிசைக்கு அருகே தவழ்ந்து போய் அவர்கள் பேசுவதை ஒட்டுக் கேட்டார். எந்தப் பக்கம் தாக்குதல் வரும் என்று தெரிந்து பதுங்கு குழிகளை முன்கூட்டியே மாற்றி அமைத்தார்கள். தாக்குதல் தடுமாறி நின்ற நேரத்தில் மட்சுமோட்டோ ஜப்பானிய மொழியில் "முன்னேறித் தாக்கு" என்று கத்தினார். தங்கள் அதிகாரியின் கட்டளை என்று நினைத்து மேலும் பலர் ஓடி வந்து மடிந்தார்கள்.

மொழி உயிரை எடுக்க மட்டும் பயன்படவில்லை. அதே ஆண்டு சைபான் தீவில் ஹொய்ச்சி குபோ என்ற நிஸே, ஜப்பானிய வீரர்கள் பதுங்கியிருந்த ஒரு குகைக்குள் தனியாக இறங்கினார். அவர்களோடு உட்கார்ந்து பேசி, உள்ளே இருந்த 122 பொதுமக்களை உயிரோடு வெளியே கொண்டுவந்தார்.

இதற்கெல்லாம் கிடைத்த மரியாதை? சில இடங்களில் சொந்தப் படையினரே எதிரி என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக இவர்களோடு ஒரு காவலர் போக வேண்டியிருந்தது. இவர்களைவிடக் குறைவாக ஜப்பானிய மொழி தெரிந்த வெள்ளையர்கள் அதிகாரிகள் ஆனார்கள், இவர்கள் பெரும்பாலும் சார்ஜென்ட்டாகவே இருந்தார்கள். ஓரிகன் மாநிலத்தின் ஹூட் ரிவர் ஊரில் 1944 நவம்பரில், போருக்குப் போன ஊர்க்காரர்களின் பெயர்ப்பலகையிலிருந்து 16 நிஸே வீரர்களின் பெயர்களை அழித்தார்கள். அதில் ஒன்று ஃபிராங்க் ஹச்சியாவின் பெயர். அவர் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் குண்டடிபட்டு 1945 ஜனவரியில் இறந்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகுதான் பெயர்கள் திரும்ப எழுதப்பட்டன.

நான் வணிகவியல் மாணவன். எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது, ஐந்தொகையில் சொத்தை ஒரு பக்கமும் பொறுப்பை இன்னொரு பக்கமும் எழுத வேண்டும் என்பது. அமெரிக்கா 1942-ல் செய்தது ஒரே மனிதர்களை இரண்டு பக்கத்திலும் எழுதியதுதான். அதிலும் மிகவும் சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் ஜப்பானில் படித்த கிபேக்கள். பள்ளிக்கு மிகவும் தேவைப்பட்டவர்களும் அவர்களே! சந்தேகத்துக்கும் தேவைக்கும் காரணம் ஒன்றே: அவர்களுக்கு மொழி தெரியும்.

அமெரிக்கக் கடற்படை வேறு வழியில் போனது. தன் ஜப்பானிய மொழிப் பள்ளியில் நிஸேக்களை மாணவர்களாகச் சேர்க்கவில்லை. கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் போல அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுத்தது. சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் ஜப்பானிய வம்சாவளியினர் என்பது தனி வேடிக்கை. அங்கே படித்த டொனால்ட் கீன் பின்னாளில் ஜப்பானிய இலக்கிய அறிஞரானார், 2012-ல் ஜப்பான் குடிமகனாகவே ஆகிவிட்டார். எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர், 1968-ல் நோபல் பரிசு பெற்ற கவாபத்தாவை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். எதிரியைப் புரிந்துகொள்ளப் படித்த மொழி, எதிரியே இல்லாமல் ஆக்கிவிட்டது பாருங்கள்.

கொட்டகைப் பள்ளி 1946-ல் கலிபோர்னியாவின் மாண்டரேக்குப் போனது. இன்று அமெரிக்கப் படைகளின் பெரிய மொழிப் பயிற்சி நிறுவனமாக இருப்பது அதன் வாரிசுதான். ஆனால் நிஸேக்களின் பணி ரகசியம் என்பதால் பல பத்தாண்டுகள் வெளியே பேசப்படவில்லை. முகாம்களில் அடைத்ததற்கு 1988-ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது. மொழிப்பிரிவுக்கு 2000-ல் அதிபரின் படைப்பிரிவு விருது கிடைத்தது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.

2,000 டாலரில் தொடங்கிய பள்ளி இவ்வளவு பலன் தந்தது என்றால், உண்மையான முதலீட்டைப் போட்டது ராணுவம் அல்ல. வயலிலும் கடையிலும் உழைத்துவிட்டு, அக்கம்பக்கத்தார் முறைப்பதையும் தாங்கிக்கொண்டு, பிள்ளைகளை மாலைப் பள்ளிக்கு அனுப்பிய அப்பா அம்மாக்கள்தான் அதைப் போட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த லாபம் முள்வேலி. இந்தக் கணக்கை எப்படி நேர் செய்வது? உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள் நண்பர்களே.