ஊர் கூடிய மன்றம்: குடவோலை முதல் கிராம சபை வரை

அகநானூற்றின் 77ஆம் பாடல் பாலைத் திணைக்குரியது. மருதன் இளநாகனார் பாடிய அப்பாட்டில், போரில் பட்டு வீழ்ந்த மறவரின் குடரை எருவைகள் பற்றி இழுக்கும் கொடுங்காட்சி ஒன்று வருகிறது. அதற்குப் புலவர் கண்ட உவமை வியப்புக்குரியது. கயிற்றால் பிணித்துப் பொறியிட்ட குடத்தின் பொறியை நீக்கி, ஆவணம் காப்போர் உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுக்கும் செயலை அவர் உவமையாக்குகிறார். கேட்போர் நன்கறிந்த ஒன்றைக் கொண்டு பிறிதொன்றை விளக்குவதே உவமையின் இயல்பு. ஆகவே, குடத்திலிருந்து ஓலை எடுக்கும் காட்சி அக்காலத் தமிழர் கண்ணுக்குப் பழகியதாகவே இருந்திருத்தல் வேண்டும். ஊர்க் காரியம் பார்ப்போரைத் தெரிந்தெடுத்த முறையையே இது சுட்டுகிறது என ஆய்வாளர் பலரும் கொள்வர்.

குடவோலை என்றதும் தமிழ் மேடைகளில் பெருமிதம் பொங்குவது வழக்கம். அப்பெருமிதம் தவறன்று. எனினும், பழைய மன்றம் ஊராரைத் தன்னோடு எவ்வாறு பிணைத்துக்கொண்டது, யாரை வெளியே நிறுத்தியது என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அப்பெருமிதம் பொருளுடையதாகும்.

திருநெல்வேலியை அடுத்த மானூரில் பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. காலம் கி.பி. 800ஐ ஒட்டியது. சபையில் அமர்ந்து பேசுவதற்குரிய தகுதிகளை வரையறுக்கும் அக்கல்வெட்டில் ஒரு விதி தனித்து நிற்கிறது. சபையில் எடுத்துரைக்கப்படும் எதனையும் ஆராயாது, வேண்டுமென்றே ‘அன்று, அன்று’ என மறுத்துக் காரியத்தைத் தடுப்போர் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும் என்பதே அவ்விதி. மறுக்கும் உரிமை வேறு, மன்றத்தை முடக்கும் பிடிவாதம் வேறு என்பதை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் ஊர் எண்ணிப் பார்த்திருக்கிறது.

மானூரினும் விரிவான செய்தியைத் தருவன உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள இவ்விரண்டும் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்கு, அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு, உரியவை. 1898இல் படியெடுக்கப்பட்ட இவற்றை அறிஞர் வெங்கையா அடுத்த ஆண்டே அறிவுலகுக்கு அறிமுகம் செய்தார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் ஆய்வுகள் பின்னர் இவற்றுக்கு உலகப் புகழ் தேடித் தந்தன.

முதல் ஏற்பாடு செய்து இரண்டே ஆண்டுகளில் இரண்டாம் ஏற்பாடு வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. முன்னதில் 30 முதல் 60 வரை என்றிருந்த அகவை வரம்பு பின்னதில் 35 முதல் 70 வரை என மாறியது. தகுதியின்மை பற்றிய விதிகளும் விரிந்தன. தீயோர் கெட்டு நல்லோர் தழைக்க வேண்டும் என்று அதன் நோக்கமும் கூறப்பட்டது. தாம் செய்த சட்டத்தில் குறை கண்டால் அதைத் திருத்திக்கொள்ள அம்மன்றம் நாணவில்லை.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராய், வேதக் கல்வியும் காரியத் திறனும் தூய ஒழுக்கமும் வாய்ந்தவராய் இருப்போர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டன. குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் தெரிந்தெடுக்கப்பெற்றனர். அவருள் பன்னிருவர் சம்வத்சர வாரியமாகவும், பன்னிருவர் தோட்ட வாரியமாகவும், அறுவர் ஏரி வாரியமாகவும் 360 நாள் பணியாற்றினர். வயிரமேகத் தடாகம் என்ற பேரேரியை நம்பி வாழ்ந்த ஊருக்கு ஏரி வாரியம் உயிர்நாடி போன்றது. பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றுக்குத் தனி ஏற்பாடு இருந்தது.

தெரிவு நடந்த விதம் இன்னும் நுட்பமானது. மகாசபை இளையோரும் முதியோருமாகக் கூடும். கோயில் நம்பிமார் அனைவரும் உடனிருப்பர். அவருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு குடும்பின் ஓலைக் கட்டை எடுப்பான். அக்கட்டிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கிய பின், அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்றல் வேண்டும். கையில் வேறு ஓலை மறைத்து வைக்கப்படவில்லை என்பதற்கு அதுவே சான்று. பின்னர் அவன் அதனை உரக்க வாசிப்பான். உடனிருக்கும் நம்பிமாரும் ஒவ்வொருவராக வாசிப்பர். அதன் பின்னரே பெயர் எழுதப்படும்.

தேர்தல் என்பதைக் காட்டிலும் திருவுளச்சீட்டு என்பதே இம்முறைக்குப் பொருந்தும். ஊராரின் நம்பிக்கையைப் பெற்றது குலுக்கல் மட்டுமன்று. ஒவ்வோர் அசைவும் அவர் கண் முன்னே நிகழ்ந்ததேயாகும். விதி முன்கூட்டியே கல்லில் பொறிக்கப்பட்டது. முடிவு உரத்த குரலில் அறிவிக்கப்பட்டது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியப் பணி செய்தவர் மீண்டும் வர இயலாது. பணி செய்து கணக்குக் காட்டாதவரின் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலையில் இடுதல் கூடாது. கணக்கு என்ற ஒரு சொல்லை அம்மன்றம் எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டது என்பது இதனால் விளங்கும்.

இனி இரண்டாம் வினா. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயம். மகாசபை அவர்தம் சபை. ஏரிக்குக் கரை கட்டியவர், மடை திறந்தவர், நாற்று நட்டவர் ஆகியோரின் பெயர்கள் அக்குடத்தில் விழவில்லை. பெண்டிர் பெயரும் விழவில்லை. வேளாண் ஊர்களில் ‘ஊர்’ என்ற அவையும் வணிகப் பட்டினங்களில் ‘நகரம்’ என்ற அவையும் இயங்கின என்பது உண்மையே. எனினும் நிலமும் செல்வமும் அற்றோர்க்கு அங்கும் குரல் இருந்ததாகக் கொள்ள இயலாது. குடம் தூயது, அதனுள் இடப்பட்ட பெயர்களின் வட்டமோ குறுகியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் பழைய ஊரவைகள் நலிந்தன. வரியும் நீதியும் ஊரார் கையைவிட்டுக் கச்சேரிக்குச் சென்றன. 1882 மே 18இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் உள்ளாட்சிக்குப் புதுவழி காட்டியது. 1920இல் சென்னை மாகாணம் கிராமப் பஞ்சாயத்துச் சட்டத்தையும் கண்டது. ஆயினும் வாக்குரிமை பெற்றோர் சிலரே.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பு அவையில் கிராமம் பற்றிய வாதம் எழுந்தது. 1948 நவம்பர் 4ஆம் நாள் உரையில் அண்ணல் அம்பேத்கர், கிராமம் குறுகிய மனப்பான்மையின் உறைவிடம் எனக் கடிந்து, தனி மனிதனையே அரசியலமைப்பின் அடிப்படையாகக் கொண்டதை வரவேற்றார். அதே மாதம் 22ஆம் நாள், தஞ்சைத் தரணியைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால், கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்தல் அரசின் கடமை என்னும் 40ஆம் பிரிவு பிறந்தது. ஒருவர் ஊரின் வலிமையைக் கண்டார். மற்றவர் ஊரின் கொடுமையைக் கண்டார். பின்வந்த வரலாறு இருவரையுமே மெய்ப்பித்தது.

1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தம், வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது. மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கு ஏற்பவும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. உத்திரமேரூர்க் குடத்தில் விழாத பெயர்கள் முதன்முறையாகச் சட்டத்தின் துணையோடு உள்ளே வந்தன. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996இல் தேர்தல் நடைபெற்றது.

ஊரின் கொடுமையும் அப்போதே வெளிப்பட்டது. மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த மேலவளவில், ஒதுக்கீட்டு இடத்தில் வென்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று உடன் வந்தோர் சிலரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுக் காலம் ஒதுக்கீட்டுத் தலைவர் நிலைத்துப் பணியாற்ற இயலவில்லை. வேட்புமனு அளிக்க ஆளின்றிப் போவதும், வென்றவர் உடனே பதவி விலகுவதும் மாறி மாறி நிகழ்ந்தன. 2006 அக்டோபரில்தான் அங்கு முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று கூடிய கிராம சபையில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு நாள்களில் கூடிவந்த கிராம சபையை, உலகத் தண்ணீர் நாளையும் உள்ளாட்சி நாளையும் சேர்த்து ஆறு நாள்களில் கூட்டுவதற்கு 2022இல் வழி செய்யப்பட்டது. மகளிர் இடங்கள் பாதியாக உயர்த்தப்பட்டு, 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலில் அது செயலுக்கு வந்தது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் கையொப்பப் பேரேட்டை வீடு வீடாக அனுப்பி நிரப்பும் மன்றத்தையும், முன்னரே எழுதிவைத்த தீர்மானத்துக்குத் தலையசைக்கும் மன்றத்தையும் சட்டத்தால் மட்டும் உயிர்ப்பிக்க இயலாது. அஃது ஊர்த்தலைவரின் கையிலும் ஊராரின் கையிலும் உள்ளது.

அண்டை மாநிலமான கேரளம் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் இங்கு ஒரு பாடமாகும். மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. கிராம சபைக்கு வந்தோர் பெருங்கூட்டமாக அமர்ந்து கலைந்துவிடாமல், வேளாண்மை, குடிநீர், கல்வி எனச் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசினர். பேசியவை தொகுக்கப்பட்டு வளர்ச்சிக் கருத்தரங்குகளுக்குச் சென்றன. தாம் சொன்ன சொல் ஒரு பாலமாகவோ கிணறாகவோ மாறக்கூடும் என்று அறிந்தால்தான் மனிதர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மன்றத்துக்கு வருவர்.

பழைய கல்வெட்டு கற்பிப்பதும் ஏறத்தாழ இதுவே. விதி யாவர்க்கும் முன்கூட்டித் தெரிதல் வேண்டும். முடிவு யாவரும் காணும்படி எடுக்கப்படல் வேண்டும். கணக்கு உரக்க வாசிக்கப்படல் வேண்டும். பதவியில் இருந்தவர் பிறர்க்கு வழிவிடல் வேண்டும். இவற்றோடு, அக்கல்வெட்டு அறியாத ஒன்றையும் இக்காலம் சேர்த்திருக்கிறது: சேரியிலிருந்து வருபவரும் சமையற்கட்டிலிருந்து வருபவரும் சம ஆசனத்தில் அமர்தல் வேண்டும். இவை கூடாத இடத்தில் மன்றம் என்பது வெறும் கட்டடமே.

சங்கப் புலவர் குடவோலையைப் போர்க்களத்துப் பிணத்துக்கு உவமையாக்கினார். ஓலைக் குடமும் உயிர்க்கொலையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவருக்கு அது கற்பனை நயம். மேலவளவில் அது வரலாறாயிற்று. விரித்த உள்ளங்கையில் ஓர் ஓலையை வாங்கி, அதிலுள்ள பெயர் எவருடையதாயினும் அஞ்சாமல் உரக்கப் படிக்கும் ஊரே மன்றம் உடைய ஊர்.