சாதி, நிலம், தொடர்பு: ஆந்த்ரே பெத்தேயின் ஆய்வுப் பாதை

1964-இல் லண்டன் 'மேன்' இதழில் சமூகவியலாளர்கள் எம். என். ஸ்ரீநிவாஸும் ஆந்த்ரே பெத்தேயும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. இந்தியச் சமூக அமைப்பில் வலைப்பின்னல்கள் என்பது அதன் பொருள். சில பக்கங்களே கொண்டது. பெத்தேய் என்றதும் அதற்கு அடுத்த ஆண்டு வந்த 'சாதி, வர்க்கம், அதிகாரம்' நூலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஏற்றத்தாழ்வு பற்றிய அவருடைய பார்வை துலங்கும் என்பது என் துணிபு.

பெத்தேய் 1934-இல் வங்காளத்தின் சந்தன்நகரில், பிரெஞ்சுத் தந்தைக்கும் வங்காளித் தாய்க்கும் பிறந்தவர். கல்கத்தாவில் மானிடவியல் படித்துவிட்டு, ஸ்ரீநிவாஸ் டெல்லியில் அப்போதுதான் தொடங்கியிருந்த சமூகவியல் துறையில் 1959-இல் சேர்ந்தார். முனைவர் பட்டத்துக்காகத் தஞ்சை மாவட்டத்துக் காவிரிக் கரை ஊர் ஒன்றுக்கு வந்தார். ஊருக்கு அவர் இட்ட புனைபெயர் ஸ்ரீபுரம்.

1961–62-இல் அங்கே தங்கியது அக்ரகாரத்தில். அதனால் பிராமணர்கள் அவரைத் தம்மவர்போல் நடத்தினார்கள். அதனாலேயே சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை. இந்தக் குறையை அவர் மறைக்காமல் எழுதியிருப்பது 'சாதி, வர்க்கம், அதிகாரம்' நூலின் மதிப்பைக் கூட்டுகிறது. ஸ்ரீபுரத்தில் சாதி உயர்வு, நில உடைமை, ஊர் அதிகாரம் மூன்றும் முன்பு பெரும்பாலும் அக்ரகாரத்திலேயே குவிந்திருந்தன. மிராசுதார் குடும்பங்கள் படிப்புக்கும் வேலைக்கும் நகரம் போய், நிலத்தை விற்கத் தொடங்கின. வயதுவந்தோர் வாக்குரிமை எண்ணிக்கைக்குப் பலம் தந்தது. ஊராட்சித் தலைமை பிராமணரல்லாதார் கைக்குப் போனது. அதிகாரம் பெற, நிலம் நிறைய இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது.

பின் எதிலிருந்து அதிகாரம் வந்தது? இங்கேதான் அந்தச் சிறு கட்டுரை உதவுகிறது. நார்வேயின் மீனவத் தீவு ஒன்றைப் பற்றி மானிடவியலாளர் ஜே. ஏ. பார்ன்ஸ் 1954-இல் வெளியிட்ட ஆய்வில் கையாண்ட வலைப்பின்னல் கருத்தை ஸ்ரீநிவாஸும் பெத்தேயும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சாதி, கிராமம், கூட்டுக்குடும்பம் எனக் கரைகட்டிய குழுக்களை மட்டும் பார்த்தால் மாற்றம் கண்ணில் படாது; ஒரு மனிதர் யார் யாரோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்று பின்தொடர வேண்டும். ஊராட்சித் தலைவருக்குக் கட்சிக்காரரைத் தெரியும், சட்டமன்ற உறுப்பினரைத் தெரியும். ஊருக்கு வெளியே நீளும் அந்தப் பழக்கமே ஊருக்குள் அவருக்குப் பலம். சாதியைப் படிநிலைக் கருத்தியலாகக் கண்ட பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோனின் பார்வையில் இந்த நடமாட்டத்துக்குப் போதிய இடமில்லை. பெத்தேய் பல ஆண்டுகள் துய்மோனோடு முரண்பட்டு வாதிட்டதற்கு, தஞ்சையில் கண்டது ஒரு காரணமாக இருக்கலாம்.

'மனிதரிடையே ஏற்றத்தாழ்வு' 1977-இல் வந்தது. அதன்பின் அவர் கவனம் ஊரிலிருந்து பல்கலைக்கழகம், நீதிமன்றம், அரசியல் சாசனம் ஆகியவற்றுக்குத் திரும்பியது. மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீட்டை எதிர்த்து, 2006-இல் தேசிய அறிவு ஆணையத்திலிருந்து விலகினார். பட்டியல் சாதியினரின் நிலை வேறு, பிற்படுத்தப்பட்டோரின் நிலை வேறு என்பது அவர் வாதம். நிறுவனங்கள் தகுதியால் இயங்கவேண்டும் என்ற அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அக்ரகாரத்துப் பிள்ளைக்குச் சென்னையிலும் டெல்லியிலும் இடம் காட்ட உறவினர் இருந்தார்கள். பிராமணரல்லாதார் வாழ்ந்த குடியானத் தெருவில் குத்தகைக்காரர் மகனுக்கு அப்படி யாரும் இல்லை. தகுதியை மட்டும் அளக்கும் நிறுவனம் இந்த இடைவெளியை எப்படி ஈடுசெய்யும் என்பதற்கு, 1964-இல் தொடர்புகளை அவ்வளவு நுட்பமாகக் கண்டவரின் பிற்கால எழுத்தில் எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.